மூலத்தில் இல்லாத பதினான்கு வரிகள்

அக்கா இறந்து எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவு முடிந்த மறுநாள், அவளுடைய கல்வெட்டில் என்ன போடுவது என்ற கதை வந்தது. வெளியூர் ஆட்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கும். அன்று வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, ஒரு சிறு புத்தகத்தையும் கையில் கொடுத்து அனுப்புவோம். அதற்குப் பெயர் கல்வெட்டு. முதல் பக்கத்தில் இறந்தவரின் படம், பிறகு அவர் வாழ்க்கையைச் சொல்லும் பாட்டுகள், கோயில் பதிகங்கள், வம்சாவளி, கடைசியில் நன்றி. பக்கம் மிஞ்சினால் நீரிழிவுக்காரர் என்ன சாப்பிடலாம் என்ற அட்டவணை வரும். ஒரு கல்வெட்டில் பருத்தித்துறை பஸ் ஓடும் நேரங்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடுகளில் அலுமாரியைத் திறந்தால் இப்படி நாற்பது ஐம்பது பேர் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கில் கிடப்பார்கள்.

உறவுக்காரர் எல்லாரும் வழமைபோலவே போடலாம் என்றார்கள். அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், அதுவரைக்கும் வாய் திறக்கவில்லை. அச்சுவேலிக்குப் பக்கத்தில் வெங்காயமும் மரவள்ளியும் செய்கிற மனிதர். கூட்டத்தில் கதைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. எல்லாரும் ஓய்ந்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அவவின்ரை கொப்பியைப் போடுவம், தம்பி. வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

எந்தக் கொப்பி என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா எழுதிவந்த கொப்பி எங்கள் குடும்பத்தில் நீண்டகாலப் பகிடி. அந்தப் பகிடியைத் தொடக்கிவைத்தவனே நான்தான்.

நான் முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பித்தவன். எல்லா மனிதரும் இறப்பவர் என்று தொடங்கி, நஞ்சு குடித்துச் செத்த அந்தக் கிரேக்கரையும் மனிதர் என்று காட்டி, ஆகவே அவரும் இறப்பவர் என்று முடிக்கிற வேலை. ஒவ்வொரு தை மாதமும் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு முன்னால் அவரைக் கரும்பலகையில் கொன்றிருக்கிறேன். அக்கா ஒரு கிராமத்துத் தபாற்கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு ஐந்து வயது மூத்தவள். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டவன் நான், எடுபடாதவள் அவள். இந்த வித்தியாசத்தை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, மறந்ததுமில்லை.

அந்தக் கொப்பிக்கு மூலமான புத்தகம் என்னுடையது. கொழும்பில் நடைபாதைக் கடையில் வாங்கியது, அட்டை இல்லாதது. மேற்குநாட்டுத் தத்துவக்காரர் இருபது பேரின் கட்டுரைகள் ஆங்கிலத்தில், கண்ணைக் குத்துகிற சின்ன எழுத்தில். இடப்பெயர்வுக்குப் பிறகு வீட்டுக்குத் திரும்பி வந்தபோது என் புத்தகங்களில் கறையான் விட்டுவைத்தது அந்த ஒன்றைத்தான். அக்கா கேட்டாள், கொடுத்தேன், மறந்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு அகராதியையும் மேசையில் வைத்துக்கொண்டு அவள் அதை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

படித்ததைப் பற்றி என்னிடம் கதைப்பாள். அதுதான் எனக்கு எரிச்சல். எல்லாவற்றையும் சந்தேகித்து, தன் கையையே சந்தேகித்து, கடைசியில் சந்தேகிக்கிற தான் இருப்பதை மட்டும் ஒப்புக்கொண்டவரைப் பற்றி நான் ஒரு தவணை முழுவதும் படிப்பிப்பேன். அக்கா அவரைப் படித்துவிட்டு, இவரை ஒரு நாள் எங்கள் கந்தோரில் கடிதங்களுக்கு முத்திரை குத்த விட்டிருந்தால் கை இருக்கிறதா இல்லையா என்று பின்னேரம் தெரிந்திருக்கும் என்றாள். தனக்குத்தானே புத்தி சொல்லி எழுதிய ரோமச் சக்கரவர்த்தியைப் பற்றி, பாவம், வீட்டில் ஒருவரும் இவரோடு கதைப்பதில்லைப்போல என்றாள். தத்துவத்தை இப்படிப் படிக்கக்கூடாது அக்கா, வாதத்தைப் பார்க்கவேண்டும், ஆளைப் பார்க்கக்கூடாது என்பேன். அவள் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவிட்டு, வாதம் செய்கிறதும் ஒரு ஆள்தானே என்பாள். இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. அவளிடம் சொல்ல எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

இருபது பேரில் ஒருவர் மட்டும் அவளை விடவில்லை. ஊர்த் தொல்லையிலிருந்து ஒதுங்கி, ஒரு கோபுர அறையில் புத்தகங்களோடு இருந்து, தன்னைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர். அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார், இளவயதிலேயே இறந்துபோனார். அந்தச் சிநேகிதத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை அக்கா தமிழில் எழுதத் தொடங்கினாள். சீ.ஆர். என்கிற தடித்த கொப்பி இரண்டு, ஏறத்தாழ நாலு வருடம். ஒரு கட்டுரைக்கு நாலு வருடமா என்று நல்லநாள் பெருநாளில் எல்லாரும் சிரிப்போம். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். முடித்துவிட்டேன் என்று சொல்லி மூன்று மாதத்தில் நெஞ்சுவலி வந்தது. பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். அதற்குப் பிறகு நான் கரும்பலகையில் எழுதுகிற முதலாவது வசனம் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அது உண்மைதான். உண்மை என்பதற்காகப் பிடிக்க வேண்டுமென்றில்லை.

கொப்பியை நான் எடுத்துப்போனேன். முப்பத்தோராம் நாளுக்குள் அச்சாக வேண்டும், அச்சகத்துக்குப் பதினைந்து நாள் வேண்டும், ஆகவே எனக்குக் கிடைத்தது ஒரு கிழமை, ஏழே நாள். ஆங்கிலப் புத்தகத்தை இடப்பக்கமும் கொப்பியை வலப்பக்கமும் விரித்துவைத்தேன். கையில் சிவப்புப் பேனை. அதை நான் யோசித்து எடுக்கவில்லை. திருத்துவதற்கு இருந்தால் என் கை சிவப்பைத்தான் எடுக்கும்.

சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்: அக்காவின் தமிழ் நன்றாக இருந்தது. நான் எதிர்பார்த்ததைவிட அல்ல, நான் எழுதக்கூடியதைவிட நன்றாக இருந்தது. ஆங்கிலத்தில் முழ நீளத்துக்குப் போகிற வசனங்களை அவள் நாலாக உடைத்திருந்தாள். ஒவ்வொன்றும் வாசலில் நின்று ஒருவர் சொல்வதுபோலக் காதில் விழுந்தது. எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, உள்ளே எங்கேயோ குத்தவும் செய்தது. அதனால்தானோ என்னவோ பிழை பிடிப்பதில் இன்னும் கவனமானேன். ஒரு இடத்தில் ஒருமை பன்மை, ஒரு இடத்தில் விட்டுப்போன சொல். ஓரத்தில் சிவப்பில் குறித்துக்கொண்டே போனேன்.

இரண்டாம் கொப்பியின் நடுவில் கணக்குத் தப்பியது. அந்தப் பிரெஞ்சுக்காரர் ஒரு இடத்தில், கலியாணம் என்பது ஒரு பேரம், பெண்ணின் மனசுக்கு இப்பேர்ப்பட்ட சிநேகிதத்தைத் தாங்கும் உறுதி போதாது என்ற கருத்தில் சில வசனங்கள் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து ஆட்கள் எழுதுகிற விதம். அந்த வசனங்கள் அக்காவின் கொப்பியில் இல்லை. அவை இருக்கவேண்டிய இடத்தில் அவளே சொந்தமாகப் பதினான்கு வரி எழுதியிருந்தாள். அவருக்கு ஒரு குட்டு வைத்துவிட்டு, தோட்டம், வெங்காயம், அத்தான் என்று வீட்டுக் கதை.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு ஒழுங்காகச் செய்துவிட்டுக் கடைசியில் இப்படியா என்ற கோபம். மொழிபெயர்க்கிறவர் இடையில் வாய் வைக்கக்கூடாது. பிடிக்காத இடத்தை விழுங்குவதும் கூடாது, பிடித்ததைச் சேர்ப்பதும் கூடாது. இருபது வயதுப் பிள்ளை செய்தாலும் புள்ளி குறைப்பேன். மூலையிலிருந்து மூலைக்கு ஒரு சிவப்புக் கோடு இழுத்து, ஓரத்தில் 'மூலத்தில் இல்லை' என்று எழுதினேன். பிறகு விட்டுப்போன வசனங்களை நானே தமிழாக்கி ஒரு தாளில் எழுதி இணைத்தேன். அக்காவின் நடைக்குப் பொருந்தும்படி சின்னச் சின்ன வசனமாகவே எழுதினேன். பொருந்தியும் இருந்தது. அதில் எனக்கு ஒரு பெருமையும் வந்தது என்பதை ஒளிக்க முடியாது.

அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற பெண் கொப்பியை வாங்கிப் புரட்டினாள். சிவப்புக் கோட்டில் நின்று, வெட்டியதையும் வாசித்தாள். பிறகு, "சேர், உண்மையாவே இதை எடுக்கிறதோ?" என்று கேட்டாள். அது மூலத்தில் இல்லை பிள்ளை என்றேன். அவள் என்னுடைய தாளையும் வாசித்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினாள். அச்சுக்கு முன் பிழை பார்க்கிற புறூவ் வந்தபோது இரண்டு தடவை பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழையில்லை. இவ்வளவு சுத்தமான கல்வெட்டு எங்கள் ஊரில் வந்ததில்லை என்று நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள் காலையில் கீரிமலையில் கிரியைகள் முடித்து, பகல் வீட்டில் சாப்பாடு. பந்தி முடிந்து எழும்பியவர்கள் கை கழுவிக்கொண்டு கல்வெட்டை வாங்கிப்போனார்கள். முன்படத்தில் அக்கா கந்தோருக்குக் கட்டுகிற சேலையில் இருந்தாள். சிலர் வம்சாவளியில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அளவெட்டியிலிருந்து வந்த ஒரு மாமா கட்டுரையின் தலைப்பை வாசித்து, பிள்ளை பெரிய வேலை செய்திருக்கிறாள் என்றார். எனக்கு மனம் குளிர்ந்தது.

அத்தான் சனம் குறையும்வரை பார்த்திருந்தார். பிறகு மாமரத்தடியில் கதிரையைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்வெட்டை முதல் வரியிலிருந்து வாசித்தார். உதடு அசைய மெதுவாக வாசிக்கிறவர். சமையல் கிடாரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. முன்பக்கம் திருப்பினார், பின்பக்கம் திருப்பினார், மறுபடி அந்தப் பக்கத்துக்கே வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இதிலை ஒரு இடம் இருந்தது. தோட்டத்துக் கதை. அதைக் காணேல்லை."

அக்கா அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருந்தாலும் வாத்தியார் விடுவாரா? நான் பக்கத்தில் குந்தியிருந்து விளங்கப்படுத்தினேன். மொழிபெயர்ப்பு என்றால் என்ன, மூலம் என்றால் என்ன, அதற்கு விசுவாசம் என்றால் என்ன என்று உதாரணத்தோடு சொன்னேன். அத்தான் இடையில் குறுக்கிடவில்லை. அதனால் முடிவையும் சொன்னேன்.

"அவர் எழுதாததை அவர் எழுதினதெண்டு போடக்கூடாது, அத்தான்."

அவர் கதிரையில் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அவ எழுதாததை அவ எழுதினதெண்டு போடலாமோ?"

முப்பது வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் என்னோடு வாதாடியிருக்கிறார்கள். ஒருவரிடமும் நான் இப்படி அகப்பட்டதில்லை. என் விதியையே எடுத்து, ஆளை மட்டும் மாற்றி, என் முன்னால் வைத்துவிட்டார். எந்தப் பக்கத்தாலும் தப்ப முடியாது. கல்வெட்டை என் கையில் தந்து விரலால் காட்டினார். அக்காவின் படம் உள்ள புத்தகத்தில், அக்காவின் பெயருக்குக் கீழே, அக்காவின் நடையிலேயே, பெண்ணின் மனசு சிநேகிதத்துக்குப் போதாது என்று அச்சாகியிருந்தது. எழுதியவன் நான். அவள் செத்து ஒரு மாதம், இனி வந்து மறுக்கவும் முடியாது.

"உந்தப் பிரெஞ்சுக்காரன் சொன்னதை அவ விழுங்கேல்லைத் தம்பி. வேணுமெண்டுதான் விட்டவ" என்றார் அத்தான். பிறகு கொப்பியைக் கேட்டார்.

கொடுக்காமல் இருக்க எனக்கு வழியில்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தைத் தானே தேடி எடுத்தார். மூலையிலிருந்து மூலைக்குச் சிவப்புக் கோடு, ஓரத்தில் என் கையெழுத்து. பெருவிரலால் கோட்டின்மேல் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். குமிழ்முனைப் பேனை, அழியாது. கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, போய்ச் சாப்பிடும் என்றார். நான் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

அன்று பின்னேரமே அச்சகத்துக்குப் போனேன். எங்கள் ஊர்ப் புத்தகங்களில் 'பிழை திருத்தம்' என்று ஒரு சின்னத் தாள் ஒட்டுகிற வழக்கம் இருக்கிறது. இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் திருத்தம். அதில் ஒரு தாள் வேண்டும் என்றேன். எழுத்துக் கோக்கிற பெண், எத்தனை சொல் என்று கேட்டாள். பதினான்கு வரி என்றேன். அவள் கணினியில் ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள். அந்த வரிகளை, நான் கொப்பியைக் கொடுத்த அன்றைக்கே தனியாக அடித்து வைத்திருக்கிறாள். நான் அதற்குக் கீழே என் பங்குக்கு ஒரு வசனம் சேர்த்தேன். புறூவை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை அத்தானிடம் போனேன். இந்தமுறை கேட்காமல் அச்சடிக்கிற துணிவு எனக்கு இல்லை.

வீட்டில் இல்லை, தோட்டத்தில் நின்றார். மோட்டர் கிணற்றடியில் ஓடிக்கொண்டிருந்தது, அவர் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். ஒரு பாத்தி நிரம்பியதும் வாய்க்காலை மண்வெட்டியால் வெட்டி அடுத்த பாத்திக்குத் திருப்புகிற வேலை. அந்தத் தோட்டத்துக்குள் நான் கால் வைத்துப் பத்து வருடமாவது இருக்கும். கந்தோர்க்காரிக்குத் தோட்டக்காரனா என்று அக்காவின் கலியாணத்தில் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு இந்த மனிதரோடு நான் கதைத்ததெல்லாம் மழையும் வெங்காயமும்தான். தாளை நீட்டினேன். கை முழுக்கச் சேறு என்று காட்டி, தலையால் வரம்பைக் காட்டினார்.

"அதிலை இருந்து வாசியும்."

வரம்பில் குந்தினேன். புல் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து, இருப்பதற்கு வசதியாக இருந்தது. யார் இருந்து தேய்ந்தது என்று கேட்கத் தேவையில்லை. வாசித்தேன்.

'இந்த இடத்தில் இவர் பெண்களைப் பற்றியும் கலியாணத்தைப் பற்றியும் சில வசனங்கள் எழுதியிருக்கிறார். அவற்றை நான் தமிழில் எழுதவில்லை. தெரியாத விஷயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். என் வீட்டுக்காரர் புத்தகம் படிக்கிறவரல்லர். அவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறும்போது நான் வரம்பில் இருந்து இந்தக் கட்டுரையை வாசிப்பேன். சில இடங்களில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, அதை மறுபடி வாசி என்பார். அவருக்கு விளங்கவில்லை என்று முதலில் நினைத்தேன். பிழை நான் எழுதியதில் இருந்தது. அவர் நின்ற இடங்களையெல்லாம் திருத்தித் திருத்தியே இதை முடித்தேன். இவர் தன் சிநேகிதரைப் பற்றிச் சொல்வதெல்லாம் எனக்கு இந்த மனிதரோடு இருக்கிறது. அதற்கு வேறு பெயர் வேண்டுமென்றால் இவரே வந்து சொல்லட்டும்.'

அத்தான் நிற்கவில்லை. தலையைக் குனிந்தபடி வாய்க்காலை வெட்டிக்கொண்டே இருந்தார். நான் என் வசனத்தையும் வாசித்தேன்.

'மேற்படி பிழைக்கு அச்சகத்தாரோ மொழிபெயர்த்தவரோ பொறுப்பல்லர்; முப்பது வருடம் அளவையியல் படிப்பித்தும் தன் அக்காவை வாசிக்கத் தெரியாத தம்பியே பொறுப்பு.'

அத்தான் மண்வெட்டியை ஊன்றினார்.

"அதை மறுபடி வாசியும்."

மறுபடி வாசித்தேன். பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரவிரவாக இல்லாவிட்டாலும் அச்சகத்துக்குப் பஸ்ஸில் போகும் வழி முழுவதும் அந்த வசனத்தைச் செதுக்கியிருந்தேன். நன்றாகக் கட்டிய வசனம்; வாசிக்கிறவர்கள் என்னைப் பற்றி நல்லதாக நினைப்பார்கள்.

"உதிலை நீர்தான் நிக்கிறீர்" என்றார் அத்தான். "அவவைக் காணேல்லை."

சட்டைப் பையில் சிவப்புப் பேனை இருந்தது. தாளைத் தொடையில் வைத்து, என் வசனத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். அந்தத் தாள்தான் பிறகு அச்சானது. இடப்பக்கத்தில் பிழை என்று என்னுடைய வசனங்கள் பக்க இலக்கத்தோடு, வலப்பக்கத்தில் திருத்தம் என்று அவளுடைய பதினான்கு வரி. இரண்டு கிழமை வீடுவீடாகப் போய் நானே பசை பூசி ஒட்டினேன். பாதி வீடுகளில் கல்வெட்டு அலுமாரிக்குள் போய்விட்டது, எடுப்பித்து ஒட்டினேன்.

ஆனால் அன்று காலையில் நான் பேனையை மூடவில்லை. வேறு எங்கேயாவது நிற்பாரோ என்று, தாளை முதலிலிருந்து இன்னொரு முறை வாசிக்கட்டுமா அத்தான் என்று கேட்டேன். அவர் ஓம் என்றார். பிறகு என் காலடியைப் பார்த்தார்.

"இந்தப் பாத்தி நிரம்பீட்டுது. அவ அங்காலை தள்ளியிருந்துதான் மிச்சம் வாசிக்கிறவ."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த வரம்புக்குப் போனேன். அங்கேயும் புல் தேய்ந்திருந்தது. அதில் குந்தி, வாசிக்கத் தொடங்கினேன்.